2025 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம், 18-ஆம் கட்டம்: கடைசியில் வருபவர்களை ஏன் காட்ட மறுக்கிறார்கள்?

தெப்பக்குளத்தான் | வியாழன், இரவு 10.20

ஆடி அமாவாசைப் படையலை முடித்துவிட்டு மாலையிலேயே நேரலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரப் பந்தயத்தில் ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம். இன்றைய கட்டம் வீஃப் என்ற ஊரில் தொடங்கி, கூர்ஷவெலுக்கு மேலே லோஸ் கணவாயில் முடியும் 171 கிலோமீட்டர். கிளாண்டன், மடலீன், லோஸ் என்று வரிசையாக மூன்று மலைகள். மொத்த ஏற்றம் ஏறக்குறைய 5,500 மீட்டர். கடைசி மலை மட்டும் 26 கிலோமீட்டர், உச்சி 2,304 மீட்டர். ஆஸ்திரேலியாவின் பென் ஓகானர் தனியாக வந்து ஜெயித்தார். ஸ்லோவேனியாவின் போகாச்சர் இரண்டாவது, டென்மார்க்கின் விங்கெகார்ட் மூன்றாவது. அருமையான கட்டம், அதில் எனக்குக் குறையே இல்லை.

என் குறை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மொத்த நேரத்தில் முன்னிலையில் இருக்கும் போகாச்சருக்கு அதற்கான மஞ்சள் சட்டை மாட்டினார்கள், கைகுலுக்கினார்கள், நேரலை முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் மலையில் ஒரு பெருங்கூட்டம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. புள்ளிகளில் முன்னிலைக்கான பச்சைச் சட்டை அணிந்த ஜொனாத்தன் மிலான் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், எண்பது கிலோவுக்கு மேல் எடை. சமதளத்தில் சிங்கம். நேற்றுதான் வலான்ஸில் மழையில் ஜெயித்தார். அந்த உடம்பை 2,304 மீட்டர் உயரத்துக்குக் காலாலேயே தூக்கிக்கொண்டு போக வேண்டும், அதுவும் கால வரம்புக்குள். ஒரு நிமிடம் தாமதமானாலும் மூன்று வாரமாகச் சேர்த்த புள்ளிகள் அத்தனையும் போய், மறுநாள் காலை பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இதைவிடப் பதைபதைப்பான காட்சி இன்று மலையில் வேறு எது இருந்தது? மேடையைக் காட்டியவர்கள் இதைக் காட்டவில்லை. முடிவுப் பட்டியல் வரும் வரை கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மிலான் வந்துவிட்டார். ஆனால் அவர் எப்படி வந்தார் என்பதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இங்கே வேறு யாராவது கடைசி ஆள் வரும் வரை காத்திருப்பீர்களா?


சிம்மக்கல் ராத்திரி | வியாழன், இரவு 10.48

அண்ணே, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் பந்தயம் என்பது முன்னால் நடப்பது. 2020, 2021, 2024 என்று மூன்று முறை ஜெயித்த போகாச்சர் நான்காவது பட்டத்தை நோக்கிப் போகிறார். அவரை இரண்டு முறை தோற்கடித்த ஒரே ஆள் விங்கெகார்ட் பக்கத்திலேயே இருக்கிறார். இன்று மடலீனில் அவர் திடீரென வேகமெடுத்துத் தாக்கியபோது கூட்டமே சிதறியதே, அதைப் பார்த்த கண்ணால் அரை மணி நேரம் கழித்து வருகிறவரையும் பார்க்க வேண்டுமா?

மலை ஏற முடியாதவர் மலையில் பின்தங்குவது இயல்பு. அதற்காக இரக்கப்படலாம், அதைப் பந்தயம் என்று சொல்ல என்னால் முடியாது.


மேலூர்க்காரி | வியாழன், இரவு 11.15

சிம்மக்கல் தம்பி, அது இரக்கத்துக்கான இடமே இல்லை. அங்கே நடப்பது முழுக்க முழுக்கக் கணக்கு.

கால வரம்பு முன்கூட்டியே நிமிடத்தில் அறிவிக்கப்படுவதில்லை. ஜெயித்தவரின் நேரத்தில் இத்தனை சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். கட்டம் எவ்வளவு கடினம், ஜெயித்தவரின் சராசரி வேகம் என்ன என்பதைப் பொறுத்து அந்தச் சதவீதம் மாறும். ஆக, முன்னால் போகிறவர் எப்போது கோட்டைத் தொடுவார் என்று தெரியாமல் பின்னால் வருகிறவருக்குத் தன் கெடு எது என்றே தெரியாது. ஜெயித்தவருக்கு ஐந்து மணி நேரம் ஆகி, விகிதம் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெடு 45 நிமிடம். அதை மனசில் போட்டுக்கொண்டு, மலையில் எவ்வளவு இழக்கலாம், இறக்கத்தில் எவ்வளவு மீட்கலாம், பள்ளத்தாக்கில் எத்தனை பேர் மாறி மாறி முன்னால் இழுக்க வேண்டும் என்று ஓட்டிக்கொண்டே கணக்குப் போடுகிறார்கள். ஏற்றத்தில் ஒருவரும் முறுக்குவதில்லை, ஒரே சீராக மிதிக்கிறார்கள். இறக்கத்தில்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாய்கிறார்கள். முன்னணி வீரர்களைவிட வேகமாக இறங்குவதும் உண்டு.

இந்தக் கணக்கில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரியாவின் பெர்ன்ஹார்ட் ஐசல் ஓட்டிய காலத்தில், மலைநாட்களில் பிரிட்டனின் வேக ஓட்டக்காரர் கேவண்டிஷைக் கரை சேர்ப்பதுதான் அவர் வேலை. கேவண்டிஷ் பெற்ற 35 கட்ட வெற்றிகளைப் பற்றிப் பேசும்போது அந்த ஆளின் பெயரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.


ஆண்டிபட்டிக் கணவாய் | வெள்ளி, காலை 6.05

மலையைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த ஆண்டு முதல் அடி விழுந்தது சமதளத்தில், காற்றினால்தான். லீல் நகரில் நடந்த முதல் கட்டத்திலேயே பக்கக்காற்றில் கூட்டம் உடைந்து, பட்டத்துக்குப் போட்டியிடும் எவனபூல், ரோக்லிச் போன்றவர்கள் 39 வினாடி இழந்தார்கள். அங்கே ஒரு மலைகூடக் கிடையாது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பக்கத்தில் பழமொழி மட்டுமில்லை. கணவாயைத் தாண்டித் தேனிப் பக்கம் இறங்கினால் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? நானும் என் மைத்துனரும் விடியற்காலையில் அந்தச் சாலையில் ஓட்டுவோம். மேற்கிலிருந்து வரும் காற்று நேர் எதிரில் இருந்தால் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். மூன்றில் ஒரு பங்கு உழைப்பாவது மிச்சமாகும். சாலை வளைந்து காற்று இடப்பக்கம் வந்துவிட்டால் அவர் நேர் பின்னால் நின்று பயனில்லை. அவருடைய வலப்பக்கத்தில், என் முன்சக்கரம் அவருடைய பெடலுக்கு நேராக வருகிற மாதிரி சாய்ந்து நிற்க வேண்டும். மூன்றாவது ஆள் வந்தால் அவர் எனக்கு வலப்பக்கம். நான்கைந்து பேர் சேர்ந்தால் சாலையின் வலது ஓரம் வந்துவிடும். அதற்கு மேல் வருகிறவருக்கு ஒதுங்க இடம் கிடையாது, முழுக்காற்றையும் வாங்க வேண்டியதுதான். அங்கேதான் கூட்டம் அறுகிறது.

லீலில் நடந்ததும் அதுவே. அந்தச் சாய்ந்த வரிசையில் இடம் பிடித்தவர் தப்பித்தார். வலிமை இருந்தும் ஓர் ஆள் பின்னால் இருந்தவர் தோற்றார்.


நாகமலைப் பிரெவே | வெள்ளி, காலை 7.30

தெப்பக்குளத்தான் அண்ணே, நான் காத்திருப்பேன். எப்போதும் கடைசி ஆள் வரும் வரை காத்திருப்பேன்.

நான் பிரெவே ஓட்டுகிறவன், அதாவது கால வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. முதலாவதாக வந்தாலும் கடைசியாக வந்தாலும் அட்டையில் ஒரே முத்திரைதான். வரம்பைத் தாண்டினால் மட்டும் அது கிடையாது.

மதுரையிலிருந்து கோவில்பட்டி போய்த் திரும்பும் வழியைச் சொல்கிறேன். போகும்போது ஒன்றும் தெரியாது. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் இரண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினால் சாத்தூர் வரை வெயில் முதுகைப் பிளக்கும். விருதுநகர் தாண்டியதும் எல்லாக் கணக்கும் தப்பத் தொடங்கும். சராசரி 18 போதும் என்று நினைத்தால் 16 தான் வரும். ஒரு பஞ்சர் ஆகும். டியூபை மாற்றும்போது விரல்கள் நடுங்கி, டயர் ரிம்முக்குள் உட்காராது. கப்பலூர்ச் சுங்கச்சாவடி விளக்குகள் தெரியும்போது கையில் முப்பது நிமிடம் இருக்கிறதா இருபது இருக்கிறதா என்பது மட்டுமே மூளையில் ஓடும். பக்கத்தில் அதுவரை பெயர் தெரியாத ஒருவர் வந்து, "பின்னால் வாருங்கள், நான் இழுக்கிறேன்" என்று சொன்னால், அவர் அந்த நிமிடத்திலிருந்து சொந்தக்காரர்.

மிலான் நேற்று ஏறியபோது அவருக்கு முன்னால் எந்தச் சக்கரம் இருந்தது என்பதை நானும் பார்க்க ஆசைப்பட்டேன்.


சிம்மக்கல் ராத்திரி | வெள்ளி, காலை 9.10

பிரெவே அண்ணே, உங்கள் உழைப்புக்கு வணக்கம். ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள், அங்கே முதலாவதும் கடைசியும் ஒன்று என்று. டூர் அப்படியில்லை.

எனக்கு ஒரு நியாயம் தெரிந்தாக வேண்டும். 2011-இல் காலிபியே மலையில் கட்டம் முடிந்தபோது 80-க்கும் மேற்பட்டவர்கள் கால வரம்புக்கு வெளியே வந்தார்கள். கேவண்டிஷும் அதில் ஒருவர். விதிப்படி எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நடுவர் குழு என்ன செய்தது? புள்ளிகளைக் குறைத்துவிட்டு அத்தனை பேரையும் சேர்த்துக்கொண்டது. கேவண்டிஷ் பாரீஸுக்குப் பச்சைச் சட்டையோடு போனார். அன்று உயிரைக் கொடுத்து மிதித்து வரம்புக்குள் வந்தவர்களுக்கு என்ன பதில்? கூட்டமாகத் தாமதித்தால் மன்னிப்பு, தனியாகத் தாமதித்தால் வெளியே என்றால் அது விதியா?


மேலூர்க்காரி | வெள்ளி, காலை 10.02

கேள்வி சரியானது. என் பதில்: 80 பேரை அனுப்பிவிட்டால் மறுநாள் பாதிக் கூட்டம்தான் மிஞ்சும். தலைவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவர ஆள் இருக்காது, பாரீஸில் வேக ஓட்டத்துக்கு ஆள் இருக்காது. எனவே நடுவர் குழுவுக்கு அந்த அதிகாரம் தேவை. ஆனால் 20 புள்ளி அபராதம் குறைவு என்பதில் உன் பக்கம்தான் நான்.


தெப்பக்குளத்தான் | வெள்ளி, மதியம் 1.40

தனியாகத் தாமதித்தால் வெளியே என்று தம்பி சொன்னதும் 2017 ஞாபகத்துக்கு வந்துவிட்டது. இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஒன்பதாம் கட்டம், நன்துவாவிலிருந்து ஷம்பெரி. கிரான் கொலம்பியே, மோன் து ஷா மலைகள் எல்லாம் அதில்தான். ரிச்சி போர்ட் இறக்கத்தில் விழுந்து எலும்பை முறித்துக்கொண்டார். ஜெரெய்ன்ட் தாமஸ் விழுந்து விலகினார். ரிகோபெர்தோ உரானின் கியர் உடைந்து, இரண்டே கியர்களில் மாட்டிக்கொண்டு, அந்த இரண்டிலேயே கட்டத்தை ஜெயித்தார். செய்தித்தாள்கள் எழுதியது இவ்வளவும்தான்.

பின்னால் நடந்தது வேறு. பிரெஞ்சு வீரர் ஆர்னோ தெமார் நான்காம் கட்டத்தில் ஜெயித்தவர், அன்று உடம்பு சரியில்லை. முதல் மலையிலேயே கூட்டத்தை விட்டுவிட்டார். அவருடைய எஃப்டிஜே அணி வீரர்கள் மூன்று பேர், தெலாஜ், குவார்னியேரி, கொனோவாலோவாஸ், அவரோடு நின்றார்கள். தங்கள் வேகத்தில் போயிருந்தால் வரம்புக்குள் வந்திருக்க முடியும். போகவில்லை. அவருக்கு முன்னால் காற்றை உடைத்துக்கொண்டு, தண்ணீர் கொடுத்துக்கொண்டு, மலைமலையாக அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நால்வரும் வரம்பைத் தாண்டியே வந்தார்கள். நால்வரும் வெளியே. ஒன்பது பேர் அணியில் ஒரே மாலையில் ஐந்து பேர்தான் மிச்சம்.

இந்த மூன்று பேர் தோற்றவர்கள் என்று எந்தப் பட்டியலில் எழுதுவீர்கள்? அன்று மலையில் கேமரா அவர்களோடு போயிருந்தால், டூர் டி பிரான்ஸ் என்றால் என்ன என்று ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பார்த்தாலே போதும்.


புதூர் மாணவி | வெள்ளி, மதியம் 2.15

எல்லோருக்கும் வணக்கம். நான் இந்த ஆண்டுதான் பார்க்கத் தொடங்கினேன். அண்ணன் தொலைக்காட்சியில் வைத்ததால் உட்கார்ந்தேன், எழுந்திருக்க மனசு வரவில்லை. ஒரு சந்தேகம். அந்த மூன்று பேருக்கு இதனால் என்ன கிடைக்கிறது? சம்பளமா, பரிசில் பங்கா, அல்லது ஒன்றுமே இல்லையா?

இன்னொன்று. மலையில் வேன்களை நிறுத்திக்கொண்டு நாள்கணக்கில் காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தால், அழகரை எதிர்கொள்ள மண்டகப்படி வாசலில் விடிய விடியக் காத்திருக்கும் நம் கூட்டம் போலவே இருக்கிறது. அவர்கள் முதல் ஆள் போனதும் கலைந்துவிடுவார்களா?


மேலூர்க்காரி | வெள்ளி, மதியம் 3.00

வா தங்கச்சி. இரண்டாவதை முதலில் சொல்கிறேன். கலைய மாட்டார்கள். மலையில் சாலையை அடைத்துவிடுவதால் உடனே இறங்கவும் முடியாது, பெரும்பாலோருக்கு இறங்க மனசும் இருக்காது. கடைசி ஆளுக்குப் பெயர் சொல்லிக் கைதட்டுகிறார்கள். அவர்களில் ஒருவராக நின்று பார்க்கத்தான் எனக்கு ஆசை.

பரிசு: மொத்தப் பட்டம் ஜெயிக்கிறவருக்கு ஐந்து லட்சம் யூரோ. வழக்கமாக அவர் அதைத் தனியாக வைத்துக்கொள்வதில்லை. அணியில் எல்லோருக்கும், மெக்கானிக், உடம்பு பிடித்துவிடுகிறவர் வரைக்கும், பிரித்துக் கொடுப்பார்கள். அவருக்கு வருமானம் சம்பளத்திலும் ஒப்பந்தங்களிலும் இருக்கிறது.

ஆனால் பணத்தை மட்டும் பார்த்தால் இந்த ஆண்டின் ஒன்பதாம் கட்டம் புரியாது. ஷினோனிலிருந்து ஷாத்தோரூ, 174 கிலோமீட்டர், ஒரு மேடுகூட இல்லாத சாலை. கொடி அசைந்ததும் இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள். ஒருவர் மத்தியூ வான்டர்பூல், உலகச் சாம்பியனாக இருந்தவர், இந்த டூரிலேயே மஞ்சள் சட்டை அணிந்தவர். இன்னொருவர் அவருடைய அணியின் யோனாஸ் ரிக்கார்ட், மற்றவர்களை வேக ஓட்டத்துக்கு இழுத்துக் கொடுப்பதே வேலையாக உள்ளவர். டூரின் மேடையில் ஒருமுறையாவது ஏற வேண்டும் என்பது ரிக்கார்டின் நெடுநாள் ஆசை. கட்டத்தை ஜெயிக்க அவரால் முடியாது. ஆனால் அன்றைய மிகப் போராட்டமான வீரருக்கும் ஒரு பரிசு உண்டு. அதை வாங்குகிறவரும் மேடை ஏறுவார். இருவரும் முழுக் கூட்டத்துக்கும் எதிராக நாள் முழுக்க ஓட்டினார்கள். கட்டத்தின் சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர்! கடைசிச் சில கிலோமீட்டரில் ரிக்கார்டுக்குக் கால் ஓய்ந்தது. வான்டர்பூல் தனியாகப் போய், கோட்டுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் பிடிபட்டார். ஜெயித்தது டிம் மெர்லியர். மேடை ஏறியது ரிக்கார்ட். பரிசு கிடைத்துவிட்டது.

தெமாரின் அணியினருக்கு என்ன கிடைத்தது என்றால், அடுத்த பந்தயத்தில் தெமார் அவர்கள் சக்கரத்துக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு வருவார். அந்த நம்பிக்கைதான் இந்தத் தொழிலின் மூலதனம்.


கீழவாசல் சைக்கிள் கடை | வெள்ளி, மாலை 4.10

நான் வயதில் மூத்தவன், தட்டச்சு மெதுவாகத்தான் வரும். வாடகை சைக்கிள் காலத்திலிருந்து கடை வைத்திருந்தவன். நீங்கள் எல்லோரும் வீரர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். வண்டியைப் பற்றியும் ஒருவன் சொல்ல வேண்டும்.

இன்று பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் கீழே இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதாவது அதைவிட எடை குறைவாகச் செய்ய முடிந்தும் செய்யக் கூடாது என்கிறார்கள். நம் ஊரில் அரிசி மூட்டை ஏற்றிய கறுப்பு வண்டி இருபது கிலோ வரும். டூரில் கியர் மாற்றும் கருவியை எல்லோருக்கும் அனுமதித்ததே 1937-இல்தான். அதற்கு முன்பெல்லாம் மலையடிவாரத்தில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவார்கள். ஒரு பக்கம் சின்னப் பல்சக்கரம், மறுபக்கம் பெரியது. அந்தச் சக்கரத்தோடு பிரான்ஸின் டூர்மலே மலை ஏறினார்கள். டூர்மலே உச்சி 2,115 மீட்டர், ஏறக்குறைய நம் கொடைக்கானல் உயரம். ஆனால் கொடைக்கு வத்தலக்குண்டுப் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் சுற்றிச் சுற்றி ஏறுகிறோம். அவர்கள் பத்தொன்பது கிலோமீட்டருக்குள் ஏறிவிட வேண்டும். சாலை எவ்வளவு செங்குத்து என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

1913-இல் யூஜீன் கிறிஸ்தோஃப் என்பவருக்கு அந்த டூர்மலே இறக்கத்தில் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் ஒடிந்துவிட்டது. பட்டம் ஜெயிக்கும் நிலையில் இருந்தவர். அப்போதைய விதிப்படி யாரும் உதவக் கூடாது, வேறு வண்டியும் வாங்கக் கூடாது. வண்டியைத் தோளில் சுமந்து பத்து கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, சேன்ட் மரி த கம்பான் என்ற கிராமத்தில் ஒரு கொல்லன் பட்டறைக்குப் போனார். கொல்லர் செய்து தர முன்வந்தும் அனுமதி இல்லை. பந்தய அதிகாரிகள் பார்த்துக்கொண்டே நிற்க, இவரே உலையில் இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டினார்.

ஃபோர்க்கைப் பற்றவைப்பது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குத் தெரியும். குழாய் மெலிசு. சூடு ஒரு கண்ணிமைப்பு அதிகமானால் உருகி ஓட்டை விழும், குறைந்தால் ஒட்டாது. ஒரு கையால் குறட்டைப் பிடித்து, மறுகையால் சுத்தியை எடுத்து அடிக்க வேண்டும். துருத்தி ஊத மூன்றாவது கை வேண்டும். மனிதனுக்கு ஏது? பட்டறைப் பையன் ஊதிக் கொடுத்தான். அதற்கும் அபராத நேரம் போட்டார்கள். மணிக்கணக்கில் இழந்தும் அன்றைய கட்டத்தை ஓட்டி முடித்தார். ஆறு ஆண்டு கழித்து, 1919-இல், மஞ்சள் சட்டை என்று ஒன்றை முதன்முதலாக ஏற்படுத்தியபோது அதை அணிந்த முதல் ஆள் அதே கிறிஸ்தோஃப். அவர் ஒருமுறைகூடப் பட்டம் ஜெயிக்கவில்லை. நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தக் கிராமத்தில் அவர் பெயர் இருக்கிறது.


நாகமலைப் பிரெவே | வெள்ளி, மாலை 4.25

ஐயா, இதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை. நீங்கள் அடிக்கடி எழுத வேண்டும்.


பாலமேட்டு மாட்டுக்காரன் | வெள்ளி, மாலை 5.50

இன்றைய கட்டம் ஏன் சுருக்கப்பட்டது என்று தெரியுமா? அல்பெர்வீலிலிருந்து லா பிளாஞ் வரை, 130 கிலோமீட்டர் என்று இருந்தது. வழியில் சேசி கணவாய்ப் பக்கத்தில் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் கண்டு, மந்தையைக் கொல்ல வேண்டிய நிலை. அந்த விவசாயிகளின் துயரத்தை மதித்து அந்தக் கணவாயையே விட்டுவிட்டு, 100 கிலோமீட்டருக்குள் சுருக்கியிருக்கிறார்கள்.

நான் பந்தயம் அறிந்தவன் அல்ல. என் மகன் பார்ப்பதால் நானும் பார்க்கிறேன். ஆனால் அந்த நோய் எனக்குத் தெரியும். நம் பக்கமும் வந்தது. காலையில் பால் கறக்கப் போனால் பசுவின் கழுத்திலும் மடியிலும் கொட்டைப்பாக்கு அளவு கட்டிகள். தீனி எடுக்காது, கண்ணில் நீர் வடியும். மந்தையையே பறிகொடுத்தவன் வீட்டு வாசலில் விளம்பர வண்டியும் மேளமுமாகப் போகாமல் ஒதுங்கினார்களே, அது பெரிய மனசு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.


தெப்பக்குளத்தான் | வெள்ளி, இரவு 9.40

பாலமேட்டு ஐயா, நீங்கள் வந்து எழுதியது இந்த இழைக்கே பெருமை.

கட்டம் சுருங்கியதில் இன்னொரு விளைவும் உண்டு. ஜெயிக்கிறவரின் நேரம் குறைந்தால், அதில் சதவீதம் எடுத்து வரும் கெடு நிமிடங்களும் குறையும். நேற்று உயிரைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு இன்று தூரம் மிச்சம், ஆனால் இழப்பதற்கு நேரம் இல்லை. அதனால் அவர்களும் தொடக்கத்திலிருந்தே வேகமாகப் போக வேண்டியிருந்தது. இன்றும் அதைக் காட்டவில்லை!


சிம்மக்கல் ராத்திரி | வெள்ளி, இரவு 10.05

இன்று முன்னால் நடந்ததைச் சொல்ல எனக்கு அனுமதி கொடுங்கள். நெதர்லாந்தின் ஆரென்ஸ்மன் லா பிளாஞ் ஏற்றத்தில் தனியாகப் பிரிந்து போனார். பின்னால் போகாச்சரும் விங்கெகார்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் இரண்டே வினாடி வித்தியாசத்தில் ஆரென்ஸ்மன் ஜெயித்தார்! திரும்பிப் பார்த்துக்கொண்டே கோட்டைத் தாண்டினார், நம்ப முடியாமல் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். மஞ்சள் சட்டைக்காரர் களைத்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரு பந்தயத்தை இவ்வளவு அருகில் பார்க்கும்போது என் கண் வேறெங்கும் போகாது. என் கட்சி இதுதான்.

ஆனால் 2017 மூவர் கதையை வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன்.


மேலூர்க்காரி | சனி, இரவு 9.50

இன்றைய கட்டம் முடிந்த பொந்தார்லியேவில் மழை, கேடன் குரோவ்ஸ் ஜெயித்தார். அதைப் பற்றி மற்றவர்கள் எழுதுவீர்கள்.

தெப்பக்குளத்தான் அண்ணனுக்கு ஒரு பெயர் விட்டுப்போயிற்று. லாசன் கிராடக், அமெரிக்கர், 2018. முதல் கட்டத்திலேயே விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது, புருவம் கிழிந்தது. ஹூஸ்டனில் அவர் சிறுவயதில் ஓட்டிப் பழகிய சைக்கிள் மைதானம் புயலில் சேதமாகியிருந்தது. முடிக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் 100 டாலர் தருவதாக அறிவித்தார். மக்களும் சேர்ந்து கொடுக்கத் தொடங்கினார்கள். முறிந்த எலும்போடு பாரீஸ் வரை ஓட்டினார். முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை பட்டியலில் கடைசி இடத்திலேயே இருந்து டூரை முடித்த முதல் ஆள் அவர்தான். மைதானத்துக்குப் பெருந்தொகை சேர்ந்தது.

இன்னொரு செய்தி. இன்று பிரான்ஸின் வான் நகரில் பெண்கள் டூர் தொடங்கிவிட்டது. முதல் கட்டத்தை ஜெயித்தது மரியான் வோஸ், வயது 38! இதைப் பற்றி இங்கே ஒரு வரியைக்கூடக் காணோம். ஒன்பது கட்டம், ஆடிப்பெருக்கு அன்று முடிகிறது. தனி இழை தொடங்கப்போகிறேன், எல்லோரும் வர வேண்டும்.


ஆண்டிபட்டிக் கணவாய் | ஞாயிறு, இரவு 11.20

இன்றைய கடைசிக் கட்டத்தில், மழையில் நனைந்த பாரீஸ் கல்சாலையில், மோன்மார்த்ர் மேட்டில் போகாச்சரையே உதறிவிட்டுப் போய் ஜெயித்தாரே பெல்ஜியத்தின் வான் ஆர்ட்! மஞ்சள் சட்டை உறுதியான பிறகும், நேரக் கணக்கை முன்கூட்டியே நிறுத்திவிட்ட பிறகும், போகாச்சர் ஒதுங்கிப் பாதுகாப்பாக வராமல் முன்னால் நின்று சண்டை போட்டார். இரண்டு பேருக்கும் என் கும்பிடு.


நாகமலைப் பிரெவே | ஞாயிறு, இரவு 11.35

மிலான் பச்சைச் சட்டையோடு வந்து சேர்ந்தார். லோஸில் தப்பியது வீண்போகவில்லை.


புதூர் மாணவி | ஞாயிறு, இரவு 11.52

மேலூர் அக்கா, பெண்கள் டூரிலும் கால வரம்பு உண்டா? பெரிய மலை எந்த நாளில் வருகிறது? எங்கள் வீட்டில் ஆடிப்பெருக்குக்குச் சித்தி குடும்பம் வருகிறது, அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.


மேலூர்க்காரி | திங்கள், காலை 6.20

உண்டு தங்கச்சி, அதே விதிதான். ஆகஸ்ட் 2, சனிக்கிழமை, மடலீன் மலையின் உச்சியில் முடிகிறது. வியாழக்கிழமை ஆண்கள் ஏறிய அதே மடலீன். ஆடிப்பெருக்குக்கு முதல் நாள்தான். சித்தியையும் ஒரு நாள் முன்னதாக வரச் சொல். புது இழையைத் தொடங்கிவிட்டேன், முதல் பதிவிலேயே கட்டங்களின் பட்டியல் இருக்கிறது. கடைசி ஆள் வந்து சேரும் நேரத்தை எழுதும் பொறுப்பு தெப்பக்குளத்தான் அண்ணனுக்கு.


தெப்பக்குளத்தான் | திங்கள், காலை 6.45

எழுதுகிறேன் அம்மா. சனிக்கிழமை மாலை கடையைச் சீக்கிரம் மூடிவிடுகிறேன்.